அரைநாள் வேலைக்குப் போகுமுன்

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், "காலையில் நாலைந்து மணித்தியாலம் வேலைக்குப் போனால் என்ன?" என்ற எண்ணம் பல தாய்மாருக்கு எழுகின்றது. நல்ல எண்ணமே. ஆயினும் சம்மதம் சொல்லுமுன் மூன்று விடயங்களைக் குடும்பமாக இருந்து கணக்குப் பார்ப்பது நன்று.

1. நேரம்: அரசாங்கப் பாடசாலைகள் பொதுவாகக் காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை நடைபெறுகின்றன. வேலை நேரத்துடன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். தவணை விடுமுறையிலும், சின்னவனுக்குக் காய்ச்சல் வரும் நாளிலும் வீட்டில் நிற்பது யார்? "மூத்தவள் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கட்டும்" என்பது விடையாகாது. தாயின் சம்பளத்துக்கு மகளின் படிப்பு விலையாகக் கூடாது.

2. பணம்: நாட்சம்பளம் 1,200 ரூபா என வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 160, பிள்ளையைப் பார்ப்பவருக்கு 300, சமைக்க நேரமின்றிக் கடையில் வாங்கும் சாப்பாட்டுக்கு 250. மிஞ்சுவது 490. இது உங்கள் கோழிக்கூடும் தோட்டமும் தருவதிலும் கூடவா? ஊழியர் சேமலாப நிதி உண்டா என்றும் கேளுங்கள். உண்டெனில் உங்கள் பங்காக 8 வீதம், அதாவது 96 ரூபா கழிபடும். தொழில்கொள்வோர் 12 வீதம், 144 ரூபா சேர்க்க வேண்டும். அது உங்கள் பிற்காலச் சேமிப்பு.

3. வீட்டு வேலை: தண்ணீர் அள்ளுவதும் சமையலும் குறையப் போவதில்லை. கணவரும் ஆண்பிள்ளைகளும் எவற்றைப் பொறுப்பேற்பார்கள் என முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பின்னர் ஒரு தவணைக்குச் செய்து பாருங்கள். முடிவில் மீண்டும் கூடியிருந்து கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.