குழாய் இணைக்கும் ஃபிரிட்ஜா? முதலில் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள்

கதவிலேயே குளிர்ந்த நீரும் ஐஸும் தரும் ஃபிரிட்ஜ் பற்றி அங்கத்தினர்கள் சிலர் விசாரிக்கின்றனர். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு உறவினர் வந்து குவியும் நம் ஊரில் இந்த ஆசை இயல்பே. சில மாடல்களில் உள்தொட்டியில் நாமே நீர் ஊற்றலாம். மற்றவற்றுக்குக் குழாய் இணைப்பு வேண்டும். சிக்கல் இங்கேதான்.

குழாய் வகைக்குப் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு நீரழுத்தமாவது தேவை (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்க்கவும்). மாடித் தொட்டி நீரோ 2.3 அடி உயரத்துக்கு ஒரு பவுண்டுதான் தரும். கணக்குப் போட்டால் 46 அடி உயரம் வேண்டும்! நம் வீடுகளில் 12 அடி இருந்தால் 5 பவுண்டு கிடைக்கும். அழுத்தம் குறைந்தால் ஐஸ் சரியாக உறையாது. ஃபிரிட்ஜின் வால்வு முழுதாக மூடாமல் கசியவும் கூடும். கடைக்கு மேல் வீடு வைத்திருப்போருக்குக் கீழேயுள்ள சர்க்கரை மூட்டைகளின் கதி தெரியும். எனவே பூஸ்டர் பம்ப் அவசியம்.

சாத்தனூர் அணை நீர் ஊருக்கு வந்தாலும், பல தொட்டிகளில் போர்வெல் நீரும் கலக்கிறது. ஃபிரிட்ஜிலுள்ள கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையை நீக்கும், உப்பை நீக்காது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆர்.ஓ. வைப்பது நல்லது. சுவரில் மாட்டும் ஆர்.ஓ. தொட்டியிலும் அழுத்தம் இராது. பம்ப் அதற்குப் பின்னால் வர வேண்டும்.

கால் அங்குலக் குழாய்க்குக் கைக்கெட்டும் இடத்தில் தனி வால்வு போடுங்கள். வெளியூர் போகும்போது அதை மூடுங்கள். முதல் நாள் ஐஸைக் கொட்டிவிடவும்.

இத்தனைக்கும் பொறுமையில்லை என்றால் நீர் ஊற்றும் வகையே போதும். என் வீட்டில் இருப்பது அதுதான்.