டீமேக்கரின் மூக்கு

"மாமா, இந்த அனிமே பாக்குறத ஒரேடியா விட்டுறவா?"

அக்கா மகள் இதைக் கேட்டது போன போயா தினத்தன்று, பன்விலையில் எங்கள் வீட்டுப் பின்வாசலில். ஆளுக்கொரு கோப்பை சாயத்தண்ணி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.

அவள் பேராதனையில் விஞ்ஞான முதுமாணி படிக்கிறாள். வார நாட்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். சனிக்கிழமை விடியுமுன் பஸ் ஏறி வத்தேகம, கண்டி, பிறகு பேராதனை. இரவு பத்து மணிக்கு ஆய்வறிக்கையைத் திறப்பாள், பத்தரைக்குப் போனைத் திறப்பாள், ஒன்றரைக்கு இரண்டையும் மூடுவாள்.

"அம்மா ஏசுறாங்க. இருவத்தாறு வயசுல பொம்மப் படம் என்னத்துக்குன்னு."

நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். கேட்டவுடன் பதில் சொல்லிப் பழக்கமில்லை. "மொதல்ல கணக்குப் பாப்போம் புள்ள" என்றேன்.

அனிமேயின் ஒரு எபிசோட் ஏறக்குறைய 24 நிமிடம். ஜப்பானில் மூன்று மாதத்துக்கு ஒரு தொகுதியாக, வாரத்துக்கு ஒன்று வீதம் 12 அல்லது 13 எபிசோட் ஒளிபரப்புவார்கள். பன்னிரண்டு எபிசோட் என்றால் 288 நிமிடம், ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைவு. அங்கே ஒரு பிள்ளை மூன்று மாதம் காத்திருந்து பார்ப்பதை இவள் இரண்டே இரவில் பார்த்துவிடுகிறாள்.

'வன் பீஸ்' போன்ற நெடுந்தொடர் வேறு கணக்கு. 1999 ஒக்டோபரில் ஆரம்பித்தது, 1,100 எபிசோட்டைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. 1,100 என்றே வைத்தாலும் 440 மணித்தியாலம். நமது நாட்டுத் தகைமைக் கட்டமைப்பின்படி படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஆக, வன் பீஸ் பார்த்து முடித்தவருக்குக் கம்பஸ் கிரெடிட் கொடுப்பதாக இருந்தால் எட்டரைக்கு மேல் கொடுக்க வேண்டும். பாடநெறி வழி முதுமாணிக்கு மொத்தமே முப்பதுதான்.

அவள் சிரித்தாள். "நா அதுல எழுநூறத் தாண்டிட்டேன் மாமா."

மணித்தியாலம் கூடிப்போனதில் வியப்பில்லை. எனக்கு விளங்காதது வேறு. ஆய்வறிக்கையில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாதவள், படத்தின் முன் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறாளே, அது எப்படி? சோம்பல் என்றால் இரண்டிலும் அல்லவா தூங்கி விழ வேண்டும்?

யோசித்தால் காரணம் எளிது. ஆய்வுக்கு எபிசோட் கிடையாது. ஒரு பரிசோதனை பிழைத்தால் திரும்பச் செய்ய வேண்டும். சரியாக வந்தாலும், தற்செயலா என்று பார்க்க மூன்று தடவை செய்ய வேண்டும். வாரக் கடைசியில் "இது முடிந்தது" என்று கை கழுவ ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை இருந்தது, இளமாணியில் செமஸ்டர் இருந்தது. பட்டப்பின் படிப்பில்தான் முதன்முறையாக முடிவே தெரியாத வேலைக்குள் மனிதர் இறங்குகிறார். அங்கே களைத்த மனம், 24 நிமிடத்துக்கு ஒரு முடிவு தரும் இடத்துக்கு ஓடிப்போகிறது. ஆனால் அந்த முடிவின் வாலிலேயே அடுத்த எபிசோட்டுக்கான தூண்டிலும் கட்டியிருக்கிறது.

"இந்த இருபத்துநாலு நிமிஷ அச்ச வார்த்தது யாருன்னு தெரியுமா?"

"தெசுக்கா. அஸ்ட்ரோ போய்."

பெயர் தெரிந்திருந்தது. அவரும் இவளைப் போல ஒரு பட்டப்பின் மாணவர் என்பது தெரியாது.

ஒசாமு தெசுக்கா 1928 இல் பிறந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடிப்பதும் அவற்றைப் பார்த்து வரைவதும்தான் வேலை. ஜப்பானிய மொழியில் 'ஒசாமுஷி' என்றால் ஒருவகை வண்டு. தன் பெயரை ஒட்டி வந்த அந்தப் பூச்சியின் எழுத்தையே புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். 1945 இல் ஒசாக்காவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே, 1947 இல், 'புதிய புதையல் தீவு' என்ற மங்கா வந்து பெரும் பெயர் கிடைத்தது. இருந்தும் படிப்பை விடவில்லை. முடித்து, மருத்துவராவதற்கான தேசியப் பரீட்சையிலும் தேறினார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன். நாட்டுக்கே தெரிந்த ஓவியராகி, மாதக் கணக்கில் பத்திரிகைகளுக்கு வரைந்து தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், 1961 இல், நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் என்ன? நத்தையின் விந்தணுவாகப் போகிற கலங்களில் மென்சவ்வு எப்படி அமைந்திருக்கிறது என்பது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் செய்த வேலை. பூச்சியைப் பார்த்துப் பார்த்து வரைந்த பையனின் கண்தான் அங்கேயும் உழைத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதே ஆண்டில் சொந்தமாக அனிமேஷன் வேலையையும் தொடங்கினார். 1963 ஜனவரி 1 ஆம் திகதி 'அஸ்ட்ரோ போய்' தொலைக்காட்சிக்கு வந்தது. வாரம் ஒன்று, விளம்பரத்தோடு அரை மணித்தியாலம். இன்றைய அனிமே தொடர்கள் பெரும்பாலும் அந்த அளவிலேயே வருகின்றன. என் அக்கா மகளின் தூக்கத்தைக் கெடுத்த அச்சைச் செய்தவர், நத்தையில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்!

"அப்ப ரெண்டையும் செய்யலாம்னு சொல்றீங்க."

"அவசரப்படாத. அவர் எப்படிச் செஞ்சாருன்னு பாரு."

சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைவதானால் வாரத்துக்கு ஒரு எபிசோட் யாராலும் ஆகாது. தெசுக்காவின் ஆட்கள் ஒரு படத்தை மூன்று சட்டகத்துக்கு வைத்தார்கள். செக்கனுக்கு எட்டுப் படம் போதும். முகம் அப்படியே இருக்க வாயை மட்டும் அசைத்தார்கள். ஒரு தடவை வரைந்த பறத்தலையும் ஓட்டத்தையும் எடுத்துவைத்து, வேறு எபிசோட்களில் திரும்பப் போட்டார்கள். எதை வரைவது என்பதைவிட எதை வரையாமல் விடலாம் என்பதில்தான் அவர்கள் மூளையைச் செலவழித்தார்கள். ஆய்வு மாணவருக்கும் இது பொருந்தும். எல்லாப் பரிசோதனையையும் செய்யப் பார்ப்பவர் எதையும் முடிப்பதில்லை. ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைத்த செய்முறை, நான்கு இடத்தில் கைகொடுக்கும்.

ஆனால் அவரை அப்படியே பின்பற்று என்று நான் சொல்லவில்லை. தூக்கத்தை ஒதுக்கி வேலை செய்தவர் என்று பெயரெடுத்தவர் அவர். 1989 இல், அறுபது வயதில், வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கண்ணை எடுத்துக்கொள், கடிகாரத்தை விட்டுவிடு என்றேன்.

"கடிகாரத்துக்கு யாரப் பாக்குறது?"

"ஒங்க தாத்தா வேல செஞ்ச ஸ்டோரப் பாரு."

எங்கள் அப்பா ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்தவர். வெளியூரார் தேயிலைத் தொழிற்சாலை என்பதை நாங்கள் ஸ்டோர் என்போம். மலையிலிருந்து வந்த கொழுந்தை நேரே ரோலரில் போடமாட்டார்கள். நீளத் தட்டுகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம் வாட்டுவார்கள். பார்க்கிறவருக்கு அங்கே ஒரு வேலையும் நடக்காததுபோல இருக்கும். ஆனால் வாடாத கொழுந்தை உருட்டினால் நொறுங்கிச் சாறு வடிந்துபோகும், முறுக்கு வராது. சும்மா கிடக்கும் அந்த இரவும் தேயிலை செய்வதில் சேர்த்திதான். உன் படமும் அப்படித்தான் என்று அவளிடம் சொன்னேன். களைத்து வந்த மூளையை ஆய்வறிக்கைக்குள் நேரே போட்டால் அதுவும் நொறுங்கும்.

வாட்டி, உருட்டியபின் இலையைக் குளிர்ந்த இடத்தில் பரப்பி வைப்பார்கள். அதை நொதிக்க விடுவது என்று சொல்வது வழக்கம்.

"அது நொதித்தல் இல்ல மாமா" என்று இடைமறித்தாள். "நுண்ணங்கி ஒண்ணும் வேல செய்யல. எலையில இருக்குற பொலிபீனோல் ஒக்சிடேஸ் நொதியம் காத்துல உள்ள ஒட்சிசனோட சேந்து செய்யுற ஒட்சியேற்றம்."

படித்த பிள்ளை. அந்த ஒட்சியேற்றத்தில்தான் பச்சை இலை செம்பு நிறத்துக்குத் திரும்புகிறது, சாயத்துக்குப் பளபளப்பும் சுறுக்கென்ற சுவையும் தரும் தியாபிளேவின் உண்டாகிறது. ஆனால் தியாபிளேவின் ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும். அதன்பிறகும் விட்டுவைத்தால் சாயம் கறுக்கும், சுவை சப்பென்று போகும். ஆகவே உச்சத்தில் அள்ளி டிரையரில் போட வேண்டும். சூட்டில் நொதியம் செத்து, வேலை அந்த இடத்திலேயே நிற்கும்.

அந்த உச்சத்தை டீமேக்கர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கடிகாரம் உண்டு, வெப்பமானி உண்டு. இருந்தும் ஒரு கைப்பிடி அள்ளி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவார். பச்சை வாடை போய் ஒரு பழ வாசம் வரும். "சரி, அள்ளு" என்பார். அந்த மூக்குக்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று அப்பா சொல்வார்.

"ஒனக்குப் படம் பாக்குறதுல ஒரு பிரச்சினையும் இல்ல புள்ள. அள்ளுற நேரம்தான் தெரியல."

"அத எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

எபிசோட் முடியட்டும், மூடிவிடுகிறேன் என்று நினைப்பதுதான் பிழை. தூண்டில் கட்டியிருப்பது அங்கேதான். முடிவில் நின்றுகொண்டு முடிவெடுக்க யாராலும் ஆகாது. ஆனால் பல தொடர்களில் நடுவே, தொடரின் பெயரோடு ஒரு படம் வந்து, சின்னதாக ஒரு இசை கேட்கும். ஜப்பானில் விளம்பரம் போடுகிற இடம் அது. அங்கே மூடு என்றேன். பாதிக் கதை மறுநாளைக்கு இருக்கும். உடனே பார்த்தே ஆகவேண்டும் என்ற அரிப்பு அவ்வளவு இராது.

ஆய்வறிக்கைக்கும் அதேதான். ஒரு பகுதியை எழுதி முடித்துவிட்டு எழும்பினால் மறுநாள் வெற்றுத் தாளின் முன் உட்கார வேண்டும். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பு. மறுநாள் அதை முடிக்கும்போதே அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

மூன்றாவது, தொடரைத் தெரிந்தெடுப்பது. ஆய்வறிக்கை கொடுக்கும்வரை நெடுந்தொடர் வேண்டாம். பன்னிரண்டு எபிசோட் தொடர் ஒன்று, செய்தவர்கள் காட்டிய வேகத்தை ஒட்டி, வாரம் ஒன்றோ இரண்டோ.

"அப்ப 'டொக்டர் ஸ்டோன்' பாக்கலாமே, அது படிப்புதானே?" என்று நைசாகக் கேட்டாள். நாகரிகம் அழிந்த உலகத்தில் ஒரு பையன் சவர்க்காரம், கண்ணாடி, சல்பா மருந்து என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்கிற கதை அது. குருதிக் கலங்களை மனிதராக்கிய 'செல்ஸ் அட் வேர்க்', விவசாயப் பல்கலைக்கழகத்தில் நுண்ணங்கிகளைக் கண்ணால் பார்க்கும் மாணவனின் கதையான 'மொயாஷிமொன்' என்று இன்னும் இரண்டு பெயரும் சொன்னாள்.

நல்ல தொடர்கள்தான். ஆனால் படம் பார்ப்பதைப் படிப்பு என்று கணக்கில் எழுதினால், ஓய்வும் கிடைக்காது, படிப்பும் நடக்காது. வாட்டும் தட்டில் கிடக்கும்போது கொழுந்து வாடினால் போதும்.

"மொயாஷிமொன் ஒரு எபிசோட் பாருங்க மாமா, அப்பறம் பேசுங்க" என்று போனைக் கோப்பையில் சாய்த்து வைத்தாள். பழைய தொடர், 2007 இல் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த பையனைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நுண்ணங்கிகள் மிதந்து பேசிக்கொண்டிருந்தன. எனக்குப் பேராதனையில் முதல்நாள் நின்றது ஞாபகம் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நடுவில் அந்தச் சின்ன இசை கேட்டது. அவள் கை நீட்டிப் போனை மூடினாள்.

"ஏன் புள்ள, பொறகு என்னாச்சு?"

"நாளைக்கு மாமா" என்றாள். என் சாயத்தண்ணி ஆறிப்போயிருந்தது.