புது பிக்கப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

புது பிக்கப் டிரக் வாங்கியவரின் கை சும்மா இருக்காது. சாவி கைக்கு வந்த வாரமே பெரிய டயர், உயர்த்தும் கிட், ‘15 குதிரைத்திறன் கூடும்’ என்று எழுதிய காற்று வடிகட்டிப் பெட்டி எல்லாம் கண்ணில் படத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் இது பெரும் தொழில். லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் சீமா கண்காட்சி முழுக்க இத்தகைய பாகங்களுக்கானதுதான். 1977 முதல் அந்நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசை. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த வரிசையின் எஃப்-150-ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செவர்லே, ரேம், டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய பிக்கப்புக்குச் சக்தி குறைவே இல்லை. எஃப்-150-இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 400 குதிரைத்திறனும் 500 பவுண்டு-அடி டார்க்கும் தருகிறது. இப்படிப்பட்ட வண்டியில் பணம் போடுவதானால் தரையிலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும்: முதலில் டயர், பிறகு சஸ்பென்ஷனும் பிரேக்கும், கடைசியில்தான் எஞ்சின். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கதவோரத்து ஸ்டிக்கர்

எதையும் வாங்குவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்குமாகச் சேர்த்து வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் இருக்கும். இந்த எண் மாடலுக்கு மாடல் மட்டுமல்ல, வண்டிக்கு வண்டி மாறும். ஒரே மாடலில் கூரைக் கண்ணாடியும் பெரிய சக்கரமும் உள்ள வண்டி குறைவாகத்தான் தாங்கும்.

உங்கள் ஸ்டிக்கரில் 1,600 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுமார் 725 கிலோ. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 500 பவுண்டு. பின்னால் 6,000 பவுண்டு டிரெய்லர் இழுத்தால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கி மேல் இறங்கும். 12 சதவீதம் என்று பார்த்தாலே 720 பவுண்டு. மீதி 380. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் பொருத்தினால் 200 பவுண்டுக்குக் குறையாது. பின்தொட்டிக்கு மேல் கூண்டு போட்டால் இன்னொரு 180. கணக்கு முடிந்துவிட்டது, ஒரு பெட்டி வைக்கக்கூட இடமில்லை.

கூடுதல் ஸ்பிரிங் போட்டால் இந்த எண் ஏறும் என்று சிலர் சொல்வார்கள். ஏறாது. ஸ்பிரிங் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் சட்டகமும் பழையவையே. கம்பெனி நிர்ணயித்த மொத்த எடை வரம்பு அப்படியே நிற்கும்.

டயர்: போட்ட பணம் உடனே தெரியும் இடம்

புது வண்டியில் வரும் டயர் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கானது. சத்தம் குறைவு, எரிபொருள் மிச்சம். மண் பாதை, பனி, ஈரப் புல்வெளி என்று போகிறவருக்கு நல்ல ஆல்-டெரெய்ன் டயர் தரும் மாற்றத்தை வேறு எந்தப் பாகமும் தராது. பனி பெய்யும் பகுதியில் இருப்பவர், டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கடும் பனியில் இழுவைக்கான சோதனையில் தேறிய டயருக்கே அந்த முத்திரை உண்டு.

தவறு நடப்பது அளவில். எஃப்-150-இல் பரவலாக வரும் ஓர் அளவு 275/65 ஆர்18. அதன் உயரம் சுமார் 32 அங்குலம். அதைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் மாட்டினால் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் 9 சதவீதம் அதிக தூரம் போகும். விளைவு என்ன? ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 65 மைலைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். பின்னச்சின் 3.55 கியர் விகிதம், நடைமுறையில் 3.25 போல ஆகிவிடும். அதாவது இழுக்கும் வலு குறையும். பெரிய டயரின் எடையும் அதிகம் என்பதால் கிளம்புவதும் மெதுவாகும், நிற்பதும் தாமதமாகும். இப்படி இழந்த வலுவை மீட்கத்தான் பலர் பிறகு எஞ்சினில் கை வைக்கிறார்கள்.

33 அங்குலத்தோடு நிறுத்தினால் வித்தியாசம் 3 சதவீதம்தான். பெரும்பாலும் வேறு எதையும் தொட வேண்டியதில்லை. 35 வேண்டும் என்றே இருந்தால், ஸ்பீடோமீட்டரைச் சரிசெய்வதையும் அச்சின் கியரை மாற்றுவதையும் சேர்த்தே விலை கேளுங்கள். இன்னொன்று: லேசான டிரக்குக்கான ‘எல்.டி’ வகை டயருக்கு மாறினால், அதே எடையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. கதவோர ஸ்டிக்கரில் உள்ள பழைய அழுத்தத்தையே வைக்கக்கூடாது. டயர்க்காரரிடம் சுமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

உயர்த்துவதும் மட்டமாக்குவதும்

பிக்கப்பின் மூக்கு சற்றுத் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கும். பார்ப்பவருக்கு அது குறையாகத் தோன்றும். ஆனால் காரணத்தோடுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தொட்டியில் சுமை ஏறும்போது பின்பக்கம் இறங்கி வண்டி மட்டமாக நிற்கும். காலி வண்டியே மட்டமாக நிற்க வேண்டும் என்று முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கும் லெவலிங் கிட் போட்டால், டிரெய்லர் மாட்டியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

லெவலிங் கிட்டில் இரண்டு வகை. மலிவானது, ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் வெறும் தடிமனான வளையம். ஷாக் அப்சார்பர் பழையதே. வண்டி உயருமே தவிர ஓட்டம் மேம்படாது. மற்றது, ஷாக்கையே மாற்றி உயரத்தைத் திருத்திக்கொள்ளும் வகை. பில்ஸ்டீன், ஃபாக்ஸ் போன்ற கம்பெனிகளின் ஷாக்குகள் இங்கே பேர் பெற்றவை. மேடுபள்ளத்தில் வண்டி துள்ளாமல் அமர்ந்து போவது இதில்தான். விலை கூடினாலும் போட்டதற்குப் பலன் உண்டு.

எந்த வகை போட்டாலும் மூன்று வேலைகளை விடக்கூடாது. வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். இல்லையென்றால் புது டயரின் ஓரம் சீக்கிரமே தேயும். ஹெட்லைட்டின் கோணத்தை இறக்க வேண்டும். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: தானாக பிரேக் பிடிக்கும் வசதியும் தடம் விலகாமல் காக்கும் வசதியும் கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவையும் முன்பக்க ரேடாரையும் நம்பியிருக்கின்றன. வண்டியின் கோணம் மாறினால் அவை பார்க்கும் இடமும் மாறும். அவற்றைத் திரும்ப அளவீடு செய்யும் கருவி அந்த ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அடிக்கடி டிரெய்லர் இழுப்பவருக்கு லெவலிங் கிட்டைவிடப் பின்னச்சுக்கான காற்றுப் பைகள் உதவும். சுமை இருக்கும்போது காற்று ஏற்றலாம், இல்லாதபோது இறக்கிவிடலாம். கூடவே நல்ல பிரேக் பேடும், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரும் இருந்தால் மலை இறக்கத்தில் நெஞ்சு படபடக்காது.

எஞ்சின்: விளம்பரமும் உண்மையும்

எஞ்சின் பாகங்களில் அதிகம் விற்பது ‘கோல்ட் ஏர் இன்டேக்’. வெளிக்காற்றைக் குளிர்ச்சியாக உள்ளே இழுக்கும் குழாயும் வடிகட்டியும். இன்றைய வண்டிகளில் கம்பெனி அமைப்பே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. எனவே கிடைக்கும் கூடுதல் சொற்பம். அதுவும் எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது மட்டும். 400-இல் 10 கூடினால் இரண்டரை சதவீதம். ஓட்டுபவருக்குத் தெரிவது உறுமல் மட்டுமே. சைலன்சர் பகுதியை மாற்றும் ‘கேட்-பேக்’ எக்ஸாஸ்டும் ஏறத்தாழ அதே கதை. சத்தம் பிடிக்கும் என்றால் வாங்கலாம். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் காதில் ரீங்கரிக்கும் வகையா என்று வேறொருவர் வண்டியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆக்சிலரேட்டர் பெடலில் இணைக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதை மாட்டியதும் வண்டி சீறுவது போலிருக்கும். உண்மையில் அது ஒரு குதிரைத்திறனும் சேர்ப்பதில்லை. பாதி மிதித்தால் முழுவதும் மிதித்ததாக எஞ்சினுக்குச் சொல்கிறது, அவ்வளவே. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சோதனை இணைப்பில் செருகும் இருபது, முப்பது டாலர் ‘சிப்’களோ விளக்கு மினுக்குவதற்கு மேல் எதுவும் செய்வதில்லை.

உண்மையில் சக்தி கூட்டுவது கம்ப்யூட்டர் ட்யூனிங். இதிலும் எஞ்சின் வகையைப் பொறுத்துத்தான் பலன். ஈகோபூஸ்ட் போன்ற டர்போ எஞ்சினில் கம்ப்யூட்டரிடம் காற்றழுத்தத்தைக் கூட்டச் சொன்னால் சக்தி கணிசமாக ஏறும். டர்போ இல்லாத 5.0 லிட்டர் வி-8 எஞ்சினில் கூட்டுவதற்கு அழுத்தமே இல்லை. அதனால் கிடைப்பது குறைவு. அந்த எஞ்சினில் பெரிய தாவல் வேண்டுமென்றால் சூப்பர்சார்ஜர் பொருத்த வேண்டும். ஃபோர்டின் பெர்ஃபார்மன்ஸ் பிரிவே விப்பிள் கம்பெனியுடன் சேர்ந்து 700 குதிரைத்திறன் வரை தரும் அமைப்பை விற்கிறது. செலவு ஆயிரக்கணக்கான டாலராகும்.

ட்யூன் செய்தால் சாதா பெட்ரோல் போதாது. பெரும்பாலும் 91 அல்லது 93 ஆக்டேன் தேவைப்படும். டெக்சாஸ் போன்ற இடத்துக் கோடையில் டிரெய்லர் இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது டர்போவிலிருந்து வரும் காற்று சூடாகி, எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அப்படி ஓட்டுபவருக்கு ட்யூனிங்கைவிட, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர் பயன்படும். உச்ச எண்ணை அது பெரிதாகக் கூட்டாது. இருக்கும் சக்தி வெயிலில் குறையாமல் காக்கும்.

வாரண்டியும் சட்டமும்

1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வெளிப்பாகம் பொருத்திய ஒரே காரணத்துக்காகக் கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். டயர் மாற்றியவரின் ரேடியோ பழுதானால் பிரச்சினை இல்லை. ஆனால் ட்யூன் செய்த வண்டியில் டர்போ போனால், அந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது டீலருக்குக் கடினமல்ல. பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டால் தெரியாது என்று நம்ப வேண்டாம். மாற்றிய தடயம் கம்ப்யூட்டரில் நிற்கக்கூடும். எஃப்-150-இன் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வாரண்டி உண்டு. சில பத்துக் குதிரைத்திறனுக்காக அதைப் பணயம் வைப்பதா என்பதே கேள்வி.

புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது வேறு விஷயம். அது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. டீசல் பிக்கப்புகளில் வடிகட்டியையும் வினையூக்கியையும் எடுத்துவிடும் ‘டெலீட்’ வேலை அந்நாட்டில் பெரும் தலைவலி. முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கழற்றப்பட்டிருப்பதாக அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. கலிஃபோர்னியாவில் கெடுபிடி இன்னும் அதிகம். புகையைப் பாதிக்கக்கூடிய எஞ்சின் பாகத்துக்கு அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் இல்லையென்றால் புகைச் சோதனையில் தேறாது. வாங்கும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள். வேறு மாநிலத்தில் இருந்தாலும், பாகம் புகை விதிக்கு உட்பட்டது என்பதற்கு அது ஒரு சான்று.

இந்தியாவில் ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்ப வேண்டாம். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அங்கே கடையில் சாதாரணமாக விற்கும் பல பாகங்கள் இங்கே அபராதத்துக்கு வழி.

எந்த வரிசையில் செய்வது?

வண்டி வந்ததும் எதையும் மாற்றாதீர்கள். டிரெய்லர் இழுக்க முதல் 1,000 மைல் ஓடட்டும் என்று ஃபோர்டின் கையேடே சொல்கிறது. அந்த 1,000 மைலில் உங்கள் வண்டிக்கு உண்மையில் எது குறை என்று தெரிந்துவிடும். மண்ணில் வழுக்கினால் டயர். மேடுபள்ளத்தில் துள்ளினால் ஷாக். சுமையில் பின்பக்கம் அமர்ந்தால் காற்றுப் பை. இறக்கத்தில் நிற்கத் தாமதமானால் பிரேக். இவை எல்லாம் சரியாக இருந்தும் சக்தி போதவில்லை என்றால், வாரண்டி முடிந்தபின் ட்யூனிங்கை யோசிக்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். பிக்கப்பில் அந்த அளவு கதவோரத்து ஸ்டிக்கரில் அச்சிட்டே இருக்கிறது.