எந்த வட்டாரம்?

பாலவனத்தத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு நாளிதழ் என்பது தேநீர்க் கடையில் உரக்கப் படிக்க வேண்டிய ஒன்று. மக்காச்சோளம் கருகிப்போன ஒரு பருவத்துக்குப் பிறகு, ஒரு செய்தியை அவர் இருமுறை படித்தார். அருப்புக்கோட்டை வட்டார விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை விரைவில் வரவு வைக்கப்படும் என அதிகார வட்டாரங்கள் தெரிவித்தன என்றது அச்செய்தி. படித்து முடித்ததும், “இதுல எந்த வட்டாரம்ப்பா?” என்று என்னைக் கேட்டார். செய்தித் துறையில் பணியாற்றிய எனக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை.

வட்டாரம் என்றால் சுற்றுப்புறம் என்பதே நாம் அறிந்த பொருள். கரிசல் மக்களின் பேச்சுமொழியை வட்டார வழக்கு என்கிறோம்; கி. ராஜநாராயணன் அதற்கென ஓர் அகராதியே தொகுத்தார். அரசு நிர்வாகத்தில் இச்சொல்லின் எல்லை இடத்துக்கு இடம் மாறுகிறது. வட்டார வளர்ச்சி அலுவலரின் வட்டாரம் ஓர் ஊராட்சி ஒன்றியம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வட்டாரமோ பல ஒன்றியங்களை உள்ளடக்கியது. செய்தித்தாளில் இச்சொல் பன்மை விகுதி ஏற்று ‘வட்டாரங்கள்’ என்றானதும், இடம் மறைந்து, பெயர் சொல்ல விரும்பாத மனிதர்கள் ஆகிவிடுகிறது.

இவற்றுள் முதல் குழப்பம் எல்லை பற்றியது. வட்டமும் வட்டாரமும் ஒன்றல்ல. திருச்சுழி வட்டத்துக்குள் நரிக்குடியும் அடங்கும். ஆனால், நரிக்குடி தனி ஊராட்சி ஒன்றியம். எனவே, திருச்சுழி வட்டாரத்துக்கு நிவாரணம் என்று எழுதினால், நரிக்குடி விவசாயி தனக்கும் உண்டா இல்லையா என்று தவிக்க வேண்டியதுதான். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பு, அறிவிக்கை செய்யப்பட்ட கிராமம் அல்லது பிர்க்கா அளவில் கணக்கிடப்படுகிறது. அங்கே ஊரின் பெயரே பணம். அதை விட்டுவிட்டு ‘வட்டாரம்’ என்று எழுதுவது, முகவரி இல்லாமல் மணியார்டர் அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது குழப்பம் இதைவிடக் கடுமையானது: சொன்னவர் யார் என்பது. பெயரை மறைப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. அமெரிக்க இதழியலும் நம்முடைய ‘வட்டாரங்கள்’ போலவே ‘சோர்சஸ்’ என்ற சொல்லை நாள்தோறும் கையாள்கிறது. வாட்டர்கேட் விவகாரத்தில், 1972 முதல் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் பாப் உட்வர்டுக்கு வழிகாட்டிய அதிகாரியின் பெயர் 2005இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் எஃப்.பி.ஐ. அமைப்பின் உயர் அதிகாரியாக இருந்த மார்க் ஃபெல்ட். பெயர் வெளிப்பட்டிருந்தால் அவர் பதவியை இழந்திருப்பார். நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டமும், செய்தி தந்தவரை வெளிப்படுத்துமாறு மன்றம் எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்கிறது.

அந்தப் பாதுகாப்பு, ஆபத்தை எதிர்கொண்டு உண்மை சொல்பவருக்கானது. காப்பீட்டுத் தொகை எப்போது வரும் என்று சொல்வதில் எந்த அதிகாரிக்கு என்ன ஆபத்து? இங்கே ‘வட்டாரங்கள்’ என்ற சொல் காப்பது உயிரையோ வேலையையோ அன்று, பொறுப்பின்மையை மட்டுமே. தொகை வராவிட்டால் வாக்களித்தவர் என்று எவரும் இல்லை.

மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர், பாலவனத்தத்தின் ஜமீன்தார். கலைக்களஞ்சியமான ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது அந்தச் சங்கத்தின் வழியாகத்தான். அவருடைய ஊரில் ஒரு முதியவர் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு விடையின்றி நின்றது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

செய்தியாளர்கள் செய்ய வேண்டியது எளிது. இடத்தைக் குறித்தால் ஒன்றியமா, வட்டமா, கிராமமா என்று எழுதலாம். ஆளைக் குறித்தால் பதவியையாவது சொல்லலாம். மறைக்க நேர்ந்தால் காரணத்தை ஒரு வரியில் தெரிவிக்கலாம்.

பெரியப்பா அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். “யார் சொன்னது?” என்று கேட்டார்கள். தாளைக் காட்டினார். “பேர் இல்லையே ஐயா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.