ஒஸ்லோவில் ரெண்டு சீட்டு கார் வாங்கின கதை

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, ஃபெராரி எல்லாம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டேன்னு ஃபோன்ல சொன்னதும் ஊர்ல ஒரு பயல் "என்ன கலர் லம்போ மச்சி?"ன்னு கேட்டான். நான் வாங்கினது 1991-ல ஹிரோஷிமாவுல செஞ்ச மாஸ்டா எம்எக்ஸ்-5. சிவப்பு. ரெண்டே சீட்டு. துணிக் கூரை. 1600 சிசி, 115 குதிரைத்திறன். கோயமுத்தூர்ல கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கற இன்னோவாவுக்கு இதைவிட சக்தி ஜாஸ்தி. இருந்தாலும் இது ஸ்போர்ட்ஸ் கார்தான். எப்படின்னு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, இந்த ஊர்ல போய் ஏன் இதை வாங்கினேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நார்வேக்கும் காருக்கும் உள்ள உறவு எப்பவுமே கொஞ்சம் வில்லங்கம். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இங்க அந்நியச் செலாவணிப் பஞ்சம். சாதாரண ஆள் புது கார் வாங்கணும்னா அரசாங்கத்துகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணும். 1960 அக்டோபர் 1 வரைக்கும் இதுதான் நிலைமை. நம்மூர்ல அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தவங்க கதையை அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். 1983 டிசம்பர்ல மாருதி 800 வர்ற வரைக்கும் நமக்கும் அதே கதிதானே. இன்னிக்கு இவ்ளோ பணக்கார நாடு, அன்னிக்கு கார் விஷயத்துல நம்மள மாதிரியே கியூவுல நின்னிருக்கு.

அந்தக் காலத்துலயே இவங்க சொந்தமா ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் செஞ்சிருக்காங்க! பேரு 'ட்ரோல்'. டெலமார்க் பகுதியில லுண்டேங்கற சின்ன ஊர், 1956. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ், உள்ள ஜெர்மன்காரனோட குட்டி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மொத்தம் 5 வண்டிதான் செஞ்சாங்க. அரசாங்கத்துகிட்ட இருந்து ஆதரவு கிடைக்கலை, கம்பெனி படுத்துருச்சு. சோவியத் பக்கத்து நாடுகளுக்கு மீனை வித்துட்டு பதிலுக்கு அவங்க காரை வாங்கிக்கிட்டிருந்த நேரம், அந்த வியாபாரத்தைக் கெடுத்துக்க விரும்பலைன்னு இங்க சொல்லுவாங்க. மீனுக்காக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செத்துப்போன நாடு வேற எங்கயாவது இருக்குமான்னு தெரியலை.

அனுமதிச் சீட்டு போச்சு, வரி வந்துச்சு. புது கார் பதிவு பண்றப்ப ஒரு தடவை கட்டற வரி ஒண்ணு இருக்கு. எடைக்கு, புகைக்குன்னு தனித்தனியா போடுவாங்க. 2016 முடியற வரைக்கும் எஞ்சின் சக்திக்கும் தனி வரி. அதாவது ஜெர்மனியில ஒரு கார் என்ன விலையோ, அது எல்லை தாண்டி இங்க வந்ததும் வாயைப் பிளக்கற விலையாயிடும். அதனாலதான் இங்க பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவங்க அதைக் குழந்தை மாதிரி பாத்துக்கறாங்க.

இன்னொரு பக்கம் மின்சாரக் கார். 1989-ல ஆ-ஹா இசைக்குழுப் பாடகர் மோர்ட்டென் ஹார்கெட்டும் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஃப்ரெடெரிக் ஹௌகேவும் பேட்டரியில ஓடற மாதிரி மாத்தின ஒரு ஃபியட் பாண்டாவை இங்க கொண்டு வந்தாங்க. டோல் கட்ட மாட்டோம்னு அடம் பிடிச்சு ஓட்டினாங்க. அபராதம் சேர்ந்து, வண்டியைப் பறிமுதல் பண்ணி ஏலம் விட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சலுகை வந்துச்சு. 1990-ல பதிவு வரி போச்சு, 1997-ல டோல் போச்சு, 2001-ல 24 சதவீத வாட் வரியும் போச்சு. டோல் மாதிரி சில சலுகைகளைப் பிற்பாடு குறைச்சுட்டாங்கங்கறது வேற கதை. விளைவு என்னன்னா, 2024-ல இங்க வித்த புது கார்கள்ல நூத்துக்கு 89 மின்சாரக் கார். 2025-ல கிட்டத்தட்ட 96.

விஷயம் என்னன்னா, எம்எக்ஸ்-5 உலகத்துக்கு அறிமுகமானதும் அதே 1989-லதான். பிப்ரவரி, சிகாகோ கண்காட்சி. பாப் ஹால்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 1979-லயே மாஸ்டாவோட கெனிச்சி யாமமோட்டோகிட்ட, "பழைய பிரிட்டிஷ் திறந்த காரு மாதிரி எளிமையா ஒண்ணு செய்யுங்க"ன்னு யோசனை சொல்லியிருக்கார். பத்து வருஷம் கழிச்சு வந்துச்சு. முன்மாதிரி 1962-ல வந்த லோட்டஸ் எலான். அந்த பிரிட்டிஷ் வண்டிகளோட அழகை எடுத்துக்கிட்டு, எண்ணெய் ஒழுகறதையும் மழை வந்தா நின்னுபோறதையும் விட்டுட்டாங்க :) எஞ்சின் முன்னாடி, ஓட்டம் பின்சக்கரத்துக்கு, எடை டன்னுக்கும் குறைவு, அந்த எடையும் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. குதிரையும் அதுல ஏறினவனும் ஒண்ணுங்கற அர்த்தத்துல ஜப்பான்காரங்க இதுக்கு 'ஜின்பா இத்தாய்'னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. 2016-ல பத்து லட்சமாவது வண்டி வந்துச்சு.

சரி, வாங்கின கதைக்கு வருவோம். 2022 ஏப்ரல். ரெண்டு வருஷம் உதவித்தொகையில மிச்சம் பிடிச்ச காசு 62,000 குரோனர் கையில இருந்துச்சு. அன்னிக்குக் கணக்குல அஞ்சு லட்சத்துக்கு மேல. அம்மாவுக்கு அந்தக் காசுல கணபதியில இருக்கற வீட்டுக்கு மாடி எடுக்கணும்னு ஆசை. நான் ஃபோன்ல தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசலை. அப்பாதான் வாங்கிப் பேசினார்.

"ஏஞ் சாமி, ரெண்டே சீட்டா?"

"ஆமாங்ப்பா."

"நாங்க ரெண்டு பேரும் அங்க வந்தா ஒருத்தரை டிக்கியில போடுவியா?"

அவர் சிரிக்கறாரா கோவமான்னு கண்டுபிடிக்க முடியலை. வேண்டாம்னு மட்டும் சொல்லலை. அப்பா லேத் பட்டறையில முப்பது வருஷம் டர்னரா வேலை பாத்தவர். இளவட்டமா இருந்தப்ப கோயமுத்தூர்ல இருந்து ரயிலேறி சோழவரம் போய் ரேஸ் பாத்தவர். போர்க்காலத்து விமான ஓடுதளம் அது, அதுலதான் ரேஸ். எங்க ஊரு கரிவரதன் மாருதி எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி கார் செஞ்சதைப் பத்தி ஆரம்பிச்சார்னா சாப்பாடு ஆறிப்போகும். அப்படிப்பட்டவர் வாழ்நாள் முழுக்க ஓட்டினது டிவிஎஸ் 50. காருன்னு ஒண்ணு வாங்கவே இல்லை. ரெண்டு பசங்களைப் படிக்க வெச்சார்.

வண்டி ட்ராம்மன்ல ஒரு பெரியவர்கிட்ட இருந்துச்சு. விளம்பரத்துல பாத்தது. கூட துணைக்கு வந்தது க்ரூருட் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கற ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. இங்க இருபத்தஞ்சு வருஷமா மெக்கானிக். நான் எஞ்சினைத் திறந்து பாக்கலாம்னு போனா, மனுஷன் கோட்டைக் கழட்டி வெச்சுட்டு நேரா தரையில படுத்துட்டார்.

"எஞ்சினைப் பிறகு பாக்கலாம் தம்பி. முதல்ல அடியைப் பாப்பம். இஞ்சை உப்புதான் காரின்ர எமன்."

உண்மை. குளிர்காலத்துல ரோட்டுல பனி உறையாம இருக்க உப்பு தூவுவாங்க. இந்த வண்டிக்கு வேற ஒரு வியாதியும் உண்டு. துணிக் கூரையில விழற மழைத்தண்ணி சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு குழாய் வழியா கீழ இறங்கணும். அதுல இலை, குப்பை அடைச்சா தண்ணி கதவுக்குக் கீழ இருக்கற பெட்டி மாதிரி இரும்புக்குள்ள போய்த் தேங்கும். வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள அப்பளம். பின்சக்கரத்துக்கு முன்னாடி, கதவு முடியற மூலையிலதான் முதல்ல ஓட்டை விழும். அண்ணை அந்த மூலையை ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டித் தட்டிக் கேட்டார். தர்ப்பூசணி வாங்கற மாதிரி.

"கிண்ணெண்டு கேக்குது. எடும் தம்பி."

பெரியவர் அந்தக் காரை நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரு நாளும் வெளிய எடுத்ததில்லையாம். ஒவ்வொரு ஆயில் மாத்தின ரசீதும் ஒரு ஃபைல்ல. பணம் அனுப்பி, பேர் மாத்தி எல்லாம் ஃபோன்லயே பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. சாவியைக் கொடுத்துட்டு, முன்விளக்கு ரெண்டும் தவளைக் கண்ணு மாதிரி மேல எழும்புமே, அதை ஒரு தடவை எழுப்பிக் காட்டிட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்குள்ள போயிட்டார்.

ஓட்டறது பத்திச் சொல்லணும். இந்திய லைசென்ஸை இங்க அப்படியே மாத்தித் தரமாட்டாங்க. பரிட்சை எழுதி, ஓட்டிக் காட்டணும். வழுக்குத் தளத்துல ஒரு பயிற்சி கட்டாயம். பிரேக்கை மிதிச்சா கார் நிக்காம சறுக்கிக்கிட்டே போகும், அதைச் சும்மா உக்காந்து அனுபவிக்கணும். அப்ப கடுப்பா இருந்துச்சு. பின்சக்கரம் ஓடற, ஏபிஎஸ் இல்லாத 1991 வண்டியை மழையில ரவுண்டானாவுல திருப்பினப்பதான் அந்தப் பயிற்சிக்குக் கட்டின காசு பூராவும் வசூலாச்சு.

வேகம்? அதைக் கேக்காதீங்க. சிக்னல்ல பக்கத்துல குழந்தை சீட்டும் ஸ்ட்ரோலருமா ஒரு டெஸ்லா நிக்கும். பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாம அது அடுத்த சிக்னலுக்குப் போயிருக்கும். நமக்கு நூறைத் தொட கிட்டத்தட்ட ஒன்பது விநாடி. அதுக்கு அதுல பாதி. அப்படியே வேகமா போனாலும் எங்க போறது? ஊருக்கு வெளிய பொதுவா 80தான். 60-ம் அதுக்குக் கீழயும் உள்ள இடத்துல 26 கி.மீ. கூடப் போனா லைசென்ஸே போயிடும்.

ஆனா 60-ல போறப்பவே இந்த வண்டி பேசும். முதுகு தரையில இருந்து ஒரு ஜாண் உயரத்துல. ஸ்டியரிங்ல ரோட்டோட ஒவ்வொரு பொடிக்கல்லும் தெரியும். கியர் குச்சி சின்னது, மணிக்கட்டை மட்டும் அசைச்சா போதும், 'க்ளிக்'னு விழும். வளைவுக்கு முன்னாடி கியரைக் குறைச்சு, திருப்பி, மறுபடி மிதிக்கறப்ப பின்பக்கம் நம்மைத் தள்ளிவிடற மாதிரி ஒரு உணர்வு... சக்தி கம்மியா இருக்கறதால எஞ்சினை முழுசாப் பிழிஞ்சு ஓட்டலாம், அப்பவும் சட்டத்துக்குள்ளதான் இருப்போம். நானூறு குதிரை இருக்கற காரை வெச்சுக்கிட்டு இந்த ஊர்ல நாப்பதைத்தான் உபயோகிக்கணும். என்கிட்ட இருக்கற 115-ம் வேலை செய்யுது. நான் இதை ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்றதுக்குக் காரணம் இவ்ளோதான்.

2023 ஜூன்ல அம்மாவும் அப்பாவும் வந்தாங்க. டிக்கியில யாரையும் போடலை. முறை வெச்சு ஏத்திக்கிட்டேன். அம்மாவைக் கூரையைத் திறந்து ஹோல்மென்கொல்லன் மலை மேல கூட்டிட்டுப் போனேன். தலையில துப்பட்டாவைக் கட்டிக்கிட்டு, "மெதுவா போ கண்ணு, மெதுவா போ கண்ணு"ன்னு 40-ல போறப்ப சொல்லிட்டே வந்தாங்க.

அப்பாவுக்குத் தூரப் பயணம். அம்மாவை அண்ணை வீட்டுல விட்டுட்டு, விடிகாலையில கிளம்பி குட்பிரான்ட்ஸ்டால் வழியா ஓட்டா, அங்கிருந்து லோம், அப்புறம் சொக்னேஃபெல் மலைப்பாதை. 1,434 மீட்டர் உயரம், வட ஐரோப்பாவுலயே உயரமான கணவாய்ச் சாலை. முப்பதுகள்ல வேலையில்லாத இளைஞர்களை வெச்சு வெட்டின ரோடு, 1938-ல திறந்தாங்க. குளிர்காலம் பூரா மூடியிருக்கும். ஜூன்லயும் மேல ரோட்டோரம் பனிச்சுவர் நின்னுச்சு. வளைவுக்கு நடுவுல மணி கட்டின செம்மறியாடுங்க படுத்துக்கிடந்துச்சு. அதுங்க எழுந்திரிக்கற வரைக்கும் நாமதான் காத்திருக்கணும்.

லோம்ல நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டப்ப அப்பா காதைச் சாய்ச்சு, "டேப்பட் சத்தம் கேக்குது பாரு"ன்னார். இந்த 1600 எஞ்சின்ல ஆயில் அழுத்தத்துல இயங்கற டேப்பட். ஆயில் பழசானா 'டிக் டிக்'னு அடிக்கும். நான் ரெண்டு மாசமா கேட்டுப் பழகிப்போயிருந்த சத்தம், அவர் அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுட்டார். "ஆயிலை மாத்து, சரியாயிடும்." மாத்தினேன். சரியாயிடுச்சு.

மேல ஏறற வரைக்கும் வேற எதுவும் பேசலை. மூணாவது கியர், ரெண்டாவது, மறுபடி மூணாவது. ஒவ்வொரு வளைவுலயும் அவரோட வலதுகால் தரையை மிதிக்கறதை ஓரக்கண்ணால பாத்தேன். பயத்துல பிரேக் போடறாருன்னு நெனச்சேன். இல்லை, வளைவு முடியறப்பதான் மிதிச்சார். ஆக்சிலேட்டர்.

இறங்கி நின்னப்ப குளிர்ல மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "கரி இருந்திருந்தா இந்த ரோட்டை விட்டிருக்க மாட்டாரு"ன்னார். மாடி பத்தி அவரும் பேசலை, நானும் பேசலை. அடுத்த வருஷம் மாடி எடுத்துட்டோம்.

இப்ப நிலவரம்: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கட்டாயச் சோதனையில போன தடவை இடதுபக்க மூலையில துரு தெரியுதுன்னு எழுதிட்டாங்க. பட்டறை ஒண்ணுல வெட்டி ஒட்டறதுக்கு 28,000 கேட்டாங்க. வண்டி விலையில பாதி! அண்ணை ரெண்டு சனிக்கிழமை எடுத்துக்கிட்டு தகரக் காசுக்கு முடிச்சுத் தந்தார். வெல்டிங் முடிச்சதும் அந்தத் தண்ணிக் குழாய்ல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் கம்பியை விட்டுக் குடைஞ்சு காட்டினார். இலையும் மண்ணுமா ஒரு பிடி வந்துச்சு. இனிமே மாசத்துக்கு ஒரு தடவை குடையணுமாம்.

நவம்பர்ல வழக்கம்போல நம்பர் பிளேட்டைக் கழட்டி ஒப்படைச்சாச்சு. பிளேட் அவங்ககிட்ட இருக்கற வரைக்கும் இன்ஷூரன்ஸும் அதோட சேர்ந்த வரியும் இல்லை, மாணவன் பாக்கெட்டுக்கு அது பெரிய விஷயம். வண்டி அண்ணையோட ஷெட்டுல போர்வைக்குள்ள தூங்குது. பேட்டரி மட்டும் என் ரூம்ல, அரிசி மூட்டைக்குப் பக்கத்துல.