முதல் வீடியோவை எதில் வெட்டுவது?

சாயா வரட்டும், நிதானமாகவே பேசலாம். கேரள எல்லையோரத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமானாலும் சரி, மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளானாலும் சரி, வீடியோ எடுக்கிற பிள்ளைகளின் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எடிட் பண்ண எந்த ஆப் நல்லது?" இதற்கு ஒற்றைப் பெயரைச் சொல்லி அனுப்பினால் கேட்டவருக்குத்தான் நஷ்டம். நான் திருப்பிக் கேட்பது இரண்டு. கையில் இருப்பது போனா, கம்ப்யூட்டரா? இப்போது வேலை எந்த இடத்தில் முட்டுகிறது?

போன் மட்டும்தான், இதுவரை எதுவும் வெட்டியதில்லை என்றால், கூகுளின் யூடியூப் கிரியேட் போதும். 2023-ல் முதலில் வெளிவந்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. காசில்லை, வாட்டர்மார்க்கும் விழாது. கோயில் பொங்கலை எடுத்தீர்கள் என்றால், ஆடிய இடங்களை வெட்டி எறிந்து, நல்ல துண்டுகளை வரிசைப்படுத்தி, மேலே ஊர்ப் பெயரைப் போட வேண்டும். அவ்வளவுதான் முதல் வீடியோ. பேசுகிறவரின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏலக்காய்ச் செடியைக் காட்ட வேண்டும், படத்தின் மேல் படம் வைக்க வேண்டும் என்று தோன்றுகிறதா? வி.என். ஆப்புக்குப் போங்கள். கைன்மாஸ்டரும் திறமையானதுதான், ஆனால் இலவசப் பதிப்பில் அதன் பெயர் உங்கள் படத்தின் மூலையில் நிற்கும்.

கேப்கட் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உட்பட 59 ஆப்களை மத்திய அரசு தடை செய்தது. கேப்கட்டும் இந்தியாவில் தடைபட்ட ஆப்தான், பிளே ஸ்டோரில் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏ.பி.கே. கோப்பை ஏற்றாதீர்கள். அதை மாற்றிக் கட்டியவர் யாரென்று தெரியாது. அதே போனில்தான் வீட்டின் பேங்க் கணக்கும் ஜி-பேயும் இருக்கின்றன.

லேப்டாப் இருக்கிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகள் லினக்ஸில் ஓடுகின்றன. மாநில அரசின் 'கைட்' நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து அதைத் தயாரித்துத் தருகிறது. அது 2018-ல் பள்ளிகளில் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் குழுக்களில் பிள்ளைகள் கேமரா பிடிக்கவும், கேடென்லைவ் என்ற மென்பொருளில் வெட்டவும் கற்கிறார்கள். 2020 ஜூன் 1-ல் 'ஃபர்ஸ்ட் பெல்' டிவி வகுப்புகள் தொடங்கியபோது, தமிழ் வழிப் பாடங்கள் பாலக்காடு கைட் மையத்தின் யூடியூப் சேனலில் வந்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தமிழில் வீடியோ தயாரிக்கும் வேலை இந்த எல்லையோரத்திலேயே நடந்திருக்கிறது. நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

கேடென்லைவ் 2002-ல் தொடங்கிய திட்டம். திறந்த மூல மென்பொருள், விண்டோஸிலும் ஓடும். இன்று ஒரு வசதியை இலவசமாகத் தந்துவிட்டு நாளை அதற்குப் பணம் கேட்கும் பழக்கம் இதில் இல்லை. முதல் முறை திறந்தால் பட்டன்களைப் பார்த்துப் பயம் வரலாம். அப்படியானால் அதைவிட எளிதான ஓப்பன்ஷாட்டில் சில வாரம் கை பழகிவிட்டு வாருங்கள். எதில் கற்றாலும், எங்கே வெட்டுவது என்ற கணக்கு உங்களோடு கூடவே வரும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசைப்படுத்தும் பட்டையில், வைத்த வீடியோ புராஜெக்ட் கோப்புக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எந்த வீடியோவில் எந்த வினாடியிலிருந்து எந்த வினாடி வரை என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும், தையற்காரரின் அளவு நோட்டுப் போல. மெமரி கார்டைக் கழற்றினால் கிளிப்பைக் காணோம் என்று சொல்லும். அதனால் முதலில் ஒரு ஃபோல்டர் போட்டு, வீடியோ, பாட்டு, படம் எல்லாவற்றையும் அதில் காப்பி செய்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

4 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் திக்கித் திணறினால் அதை விற்க வேண்டாம். கேடென்லைவில் பிராக்ஸி என்றொரு வசதி இருக்கிறது. பெரிய வீடியோவுக்குச் சின்ன நகல் ஒன்றைச் செய்துகொண்டு, நீங்கள் வெட்டும்போது அதைக் காட்டும். கடைசியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது, அசல் வீடியோவையே எடுத்துக்கொள்ளும். தரம் குறையாது.

டாவின்சி ரிசால்வ் எப்போது வேண்டும்? நிறம் திருத்தும்போதோ ஒலியைச் சுத்தப்படுத்தும்போதோ கேடென்லைவ் போதவில்லை என்று நீங்களே உணரும்போது. இலவசப் பதிப்பிலேயே 4கே வரை வெளியே எடுக்கலாம், வாட்டர்மார்க் இல்லை. சினிமாக்காரர்கள் புழங்கும் கருவி அது. ஆனால் 16 ஜி.பி. ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். பள்ளியில் பழகிய லினக்ஸிலேயே அதை ஓட்டலாம் என்று நினைத்தால் இன்னொரு சிக்கல்: லினக்ஸுக்கான இலவசப் பதிப்பு, போனில் எடுத்த எச்.264 வீடியோவைத் திறக்காது. வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். பெயரைக் கேட்டே முதல் நாளில் இதை இறக்கியவர்கள் பலர் ஒரு வீடியோவும் முடிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும் டைட்டிலில் 'கொழிஞ்சாம்பாறை' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். 'கொ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக நிற்கிறதா? சில மென்பொருள்களில் கொம்பு பிரிந்து எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அப்படிச் சிதறினால், இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்ற பட மென்பொருளில் தலைப்பை அடித்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து வீடியோ மேல் வையுங்கள். முழுப் படத்தையும் வெட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் ஓர் இரவு போய்விடும். மென்பொருளை இறக்கியதும் செய்கிற முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.