உபரியாய் ஒரு வீடு

கடந்த மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின், ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கணவருடன் எமது இல்லம் வந்திருந்தார். அவர்கள் குடியிருக்கும் வீடு மேட்டில் உள்ளது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டு வந்த மழையில் தகரம் பெயர்ந்து, பின்பக்கச் சுவரும் ஊறிவிட்டது. திருத்த வேலை முடியும்வரை, கணவரின் மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற பழைய வீட்டைத் திறந்து அதில் தங்கியிருக்கிறார்கள். நான்கு வருடங்களாகப் பூட்டிக் கிடந்த வீடு அது.

வேலை தொடங்கியபோது கூரை மட்டும் என்றுதான் எண்ணினார்கள். பிறகு தரைக்கு டைல், அதன்பின் மேல்மாடி என்று ஆசை வளர்ந்தது, கைப்பணம் கரைந்தது. "ஹஸரத், புது வீட்டுக்குத் திரும்பியதும் இந்தப் பழைய வீடு சும்மாதானே கிடக்கும்? விற்கலாமா? பதினைந்து இலட்சம் தந்து ஈட்டுக்கு எடுக்க ஒருவர் தயாராக இருக்கிறார். அல்லது ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா? இதில் எது ஹலால்?" என்று கணவர் கேட்டார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வீடு யாருடையது?"

"வாப்பாவுடையது."

"வாப்பா மௌத்தாகிவிட்டாரே, இப்போது யாருடையது?"

அவர் பதில் சொல்லவில்லை. மனைவிதான் மெல்லிய குரலில், "உறுதி இன்னும் மாமாவின் பேரில்தான் இருக்கிறது. மாமி இருக்கிறார். இரண்டு மதினிமார் இருக்கிறார்கள்" என்றார்.

அன்புச் சகோதரிகளே! நம் மலைநாட்டு நகரங்களில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை! உபரி என்று நாம் சொல்லும் வீடு உண்மையில் உபரிதானா என்று கேட்பதே முதல் மஸ்அலா. விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பங்கு பிரிக்காத வீடு

பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில், அது கொஞ்சமாயினும் அதிகமாயினும், ஆண்களுக்குப் பங்கு இருப்பது போலவே பெண்களுக்கும் பங்கு உண்டு என்று அன்னிஸா அத்தியாயத்தின் 7வது வசனம் விதிக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு முரணாக இல்லை. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாசனமில்லா உரிமைப் பேற்றுக் கட்டளைச் சட்டம், முஸ்லிம்களின் சொத்து அவரவர் மத்ஹபின்படியே பங்கிடப்பட வேண்டும் என்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர்.

கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஜனாஸாச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக மீதியைத்தான் பங்கிட வேண்டும். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். மீதியை 32 பங்காக்கினால், எட்டில் ஒன்றாகிய 4 பங்கு உம்மாவுக்கு. எஞ்சிய 28 பங்கில் மகனுக்கு 14, மகள்மார் இருவருக்கும் தலைக்கு 7. ஆக, "என் வீடு" என்று அவர் சொன்ன வீட்டில் பாதிக்கும் குறைவான பங்கே அவருடையது. 18 பங்கு மூன்று பெண்களுடையது.

"தங்கச்சிமார் ஒன்றும் கேட்கவில்லையே ஹஸரத்" என்றார் அவர்.

கேட்கவில்லை என்பது விட்டுக்கொடுத்ததாக ஆகாது. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டு விடுமோ என்ற அச்சத்தில் வாய் மூடியிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! "கலியாணத்துக்குச் செலவழித்தோமே" என்பதும் பதிலாகாது. வாப்பா உயிரோடிருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு; அவர் மௌத்தான பின் வருவது அல்லாஹ் விதித்த பங்கு. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பங்காளிகளின் சம்மதமின்றி அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. தனியே இருந்து அனுபவிக்கவும் கூடாது.

ஈடும் வாடகையும்

பங்கு தீர்ந்து வீடு நம் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதை என்ன செய்யலாம்?

ஈட்டுக்குக் கொடுப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணமாகி விட்டது. ஒருவர் பெருந்தொகை தருகிறார், வாடகையின்றி வீட்டில் இருக்கிறார், காலம் முடிந்ததும் தந்த தொகையை முழுதாகத் திரும்பப் பெறுகிறார். வீட்டுக்காரர் வாங்கியது கடன். கடன் கொடுத்தவர் வாடகையின்றிக் குடியிருந்தது அந்தக் கடனுக்கான இலாபம். கடனில் நிபந்தனையாக்கிப் பெறும் பயன் வட்டியே என்பது சட்ட அறிஞர்கள் ஏற்ற பொது விதி. "பணத்துக்கு வட்டி வாங்கவில்லையே, வீட்டில்தானே இருந்தோம்" என்று பேரை மாற்றினால் பொருள் மாறி விடாது. பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் இரண்டு மூன்று வருட வாடகையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு முறையாகக் குத்தகைக்குக் கொடுக்கலாம். அது இஜாரா, தடையில்லை.

வாடகைக்கு விடுவது தூய வருமானம்தான். ஆனால் சீசன் வாடகையில் கவனம் வேண்டும். மதுவுக்கும் கூத்துக்கும்தான் இடம் தேடுகிறார்கள் என்று அறிந்துகொண்டே சாவியைக் கொடுத்தால் பாவத்துக்குத் துணை போனவர்களாவோம். பக்கத்து வீட்டில் பெண்பிள்ளைகள் இருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுத்து மூலமே எதையும் செய்யுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி ஏவுவது அல்பகராவின் 282வது வசனம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும், காணி வீடு கைமாறுவதும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் வீட்டை விட்டுவிட்டு, பத்து வருடம் கழிந்தபின் ஆட்சியுரிமை வழக்கில் அலைந்து, உறவையும் இழந்தவர்கள் நம்மிடையே உண்டு.

ஸகாத் பற்றியும் பெண்கள் கேட்பதுண்டு. குடியிருக்கும் வீட்டுக்கோ சும்மா கிடக்கும் வீட்டுக்கோ ஸகாத் இல்லை. வாடகைப் பணம் மிச்சமாகி, மற்றப் பணத்தோடு சேர்ந்து 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை அடைந்து, ஒரு வருடம் கையில் நின்றால் நூற்றுக்கு இரண்டரை. விற்று இலாபம் காண்பதற்கென்றே வாங்கிய வீடானால் அது வியாபாரப் பொருள். வருடந்தோறும் அதன் பெறுமதிக்கு ஸகாத் உண்டு.

பூட்டி வைப்பதும் தீர்வல்ல. நம் மலைநாட்டு ஈரத்தில் ஆளில்லாத வீட்டுச் சுவரில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் படர்ந்து விடும். பீலியில் இலை அடைத்து, கான் நிரம்பி, அந்தத் தண்ணீர் கீழ் வீட்டுக்காரரின் சுவரை அரிக்கும். டித்வாவின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து எத்தனை குடும்பங்கள் மண்ணுக்குள் போயின! நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகவே எந்த வீட்டைத் திருத்துவதானாலும், மேல்மாடி எழுப்புமுன் மேசன் பாஸின் சொல்லோடு நின்றுவிடாமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஸஹாபாக்களின் வீடுகள்

வசதியிருந்த ஸஹாபாக்கள் தங்கள் உபரிச் சொத்தை என்ன செய்தார்கள்? நேசிப்பதைச் செலவிடும்வரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய ஆலு இம்ரானின் 92வது வசனம் இறங்கியதும், அபூதல்ஹா (ரலி) தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காகக் கொடுக்க முன்வந்தார்கள். அதை உறவினருக்கே கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஆலோசனை கூற, அவ்வாறே பங்கிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை, விற்கவோ அன்பளிப்பாக்கவோ வாரிசாக்கவோ முடியாதபடி வக்பு செய்தார்கள்.

என் உள்ளத்தை மிகவும் தொடுவது ஸுபைர் (ரலி) அவர்களின் செயல். தம் வீடுகளை வக்பு செய்தபோது, தம் மகள்மாரில் மணமுறிந்து திரும்பி வருபவள் அவற்றில் குடியிருக்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். அவள் வீட்டுக்குக் கேடு செய்யக் கூடாது, அவளுக்கும் யாரும் துன்பம் தரக் கூடாது. மறுமணம் செய்து தேவை தீர்ந்துவிட்டால் அந்த உரிமை இல்லை. இதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். தலாக் ஆன பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தந்தை யோசித்திருக்கிறார்!

நம் நாட்டிலும் வழி திறந்தே இருக்கிறது. வக்பு செய்ய விரும்புவோருக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் உண்டு. பிள்ளைகளில் ஒருவருக்கு வீட்டை நன்கொடையாக எழுதும்போது, மீளப்பெற முடியாதது என்று உறுதியில் சொல்லப்படாவிட்டால் அது மீளப்பெறக் கூடியதாகவே கருதப்படும் என 1931ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவதை நினைவில் வையுங்கள். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு வந்த பஷீர் (ரலி) அவர்களிடம், பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவிச் சாட்சியாக மறுத்ததையும் மறக்க வேண்டாம்.

அந்தக் குடும்பம்

இரண்டு வாரம் கழித்து அந்தக் கணவர் தொலைபேசியில் பேசினார். உம்மாவையும் தங்கைமார் இருவரையும் அந்தப் பழைய வீட்டிலேயே கூட்டி, நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை முன்னால் வைத்திருக்கிறார். இளைய தங்கை கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளோடு கம்பளையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர். காகிதத்தைப் பார்த்ததும் அவர் அழுதிருக்கிறார். "பங்குக்காக அழவில்லை நானா. என்னையும் ஒரு ஆளாக எண்ணிக் கூப்பிட்டீர்களே, அதற்குத்தான்" என்றாராம்.

முடிவு இதுதான். வீட்டை இப்போது விற்பதில்லை. இளையவர் பிள்ளைகளோடு வந்து அதில் குடியிருப்பார்; உம்மாவும் அவரோடு இருப்பார். மூத்த தங்கை தம் 7 பங்குக்குரிய பெறுமதியைக் கேட்டார். அதை நானா தவணையில் கொடுத்து அந்தப் பங்கை வாங்கிக்கொள்வார். எல்லாவற்றையும் லோயரிடம் கொடுத்து உறுதி முடிக்கப் போகிறார்கள்.

"மேல்மாடி?" என்று கேட்டேன்.

"கூரையோடு நிறுத்திவிட்டோம் ஹஸரத். மழை ஒழுகாவிட்டால் போதும் என்கிறார் என் மனைவி."

சகோதரிகளே! வீட்டுக் கணக்கில் கடைசி வார்த்தை பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கிறது. டைல் வேண்டும், மாடி வேண்டும் என்று நீங்கள் நெருக்கினால், உங்கள் கணவர் கை வைப்பது உங்கள் மதினியின் பங்கில் என்று ஆகிவிடக்கூடும். உங்கள் நானாவின் வீட்டிலும் உங்களைப் பற்றி இதே பேச்சு நடக்கலாம். உங்கள் பங்கை நீங்கள் எதிர்பார்ப்பது போலவே உங்கள் மதினியின் பங்கையும் நினைவூட்டுங்கள். உங்கள் பொறுப்பில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், இன்றே அதன் உறுதியை எடுத்து அது யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளைப் பிறர் ஹக்கு கலவாத வீடுகளாக ஆக்கி வைப்பானாக! டித்வாவில் வீடிழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்த வீடுகளைத் தந்தருள்வானாக! ஆமீன்.